கடலில் விட்ட எர்த்து

அக்டோபர் 22, புதன்

ஐந்தாம் நாள் மழை. வீட்டுக்காரர் அந்தோணியின் சட்டை மூன்று, என் நைட்டி இரண்டு, இன்னும் ஈரம். மழை விட்டால் கொடியில் போடலாம், போட்டால் கரண்ட் ஆலைப் புகைபோக்கிச் சாம்பல் விழும். எப்படியும் துவைத்த துணி துவைத்த மாதிரி இருக்கப்போவதில்லை.

செய்ய: அ.வுக்கு சுகர் மாத்திரை. கேஸ் புக் பண்ண. கல்லறைத் திருநாள் பூசைக்கு அம்மா, அப்பா பெயர் கொடுக்க.

காலையில் விஜயா வந்தாள். படகு கட்டிவைக்கிற நம் ஜெட்டிக்குக் கீழே கழுத்தளவு தண்ணீரில் குந்திக் கையால் துழாவி இறால் பிடிக்கிறவள். எப்போதும் இறால் போடும் கூடையை, அந்தப் பறியை, பல்லில் கடித்துக்கொண்டே பேசுவாள், பாதி புரியாது. இன்று பறியை எடுத்துக் கீழே வைத்துவிட்டுப் பேசினாள்.

"அக்கா, உங்க ஜெட்டியாண்ட தண்ணி கடிக்குதுக்கா."

அ. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கயிற்றை முறுக்கிக்கொண்டே, "சொறி வந்துகீது. வேற இன்னா."

கண்ணாடிக் கிண்ணம் மாதிரி மிதந்து வந்து, பட்ட இடமெல்லாம் தடிக்க வைக்குமே, அந்தச் சொறிமீன். நானும் சரி என்று விட்டுவிட்டேன். விஜயா படியேறும்போது தனக்குள் சொல்லிக்கொண்டாள்: "மழத்தண்ணி வந்து ஆறே தித்திச்சுகினு கீது. இதுல ஏது சொறி."

தலை துவட்டும்போதுதான் உறைத்தது. சொறி உப்புத் தண்ணீரில்தான் வரும். அப்படியானால் கடிப்பது எது?

எழுதி வைக்கிறேன், நாளைக்குச் சண்டை வந்தால் உதவும். ஜெட்டி கட்டியது அ. துறைமுக வொர்க்‌ஷாப்பில் டீசல் மெக்கானிக் வேலையில் ஓய்வு பெற்று வந்த கையோடு, அப்பா எனக்கு விட்டுப்போன, கடல் வந்து கலக்கிற ஆற்றோரத் துண்டு நிலத்தில். பத்து இரும்புத் தூண், மேலே பலகை, ஆறு விளக்கு, படகு பேட்டரிக்கு சார்ஜ் ஏற்ற ஒரு பெட்டி. மீன்காரர்கள் ஐந்து பைபர் போட் கட்டிவைக்கிறார்கள். வயரிங் அவரே. கூடமாட அவர் தோஸ்து மணி, தெரு வைத்த பெயர் கரண்ட் மணி. கோயில் திருவிழாவுக்கு சீரியல் செட் போடுகிறவன். கரண்ட் இருக்கிறதா என்று விரலை வைத்துப் பார்ப்பான்.

அ. தினமும் காலை ஆறு மணிக்கு அதே தண்ணீரில்தான் இறங்குகிறார். போட்டின் அடியில் ஒட்டும் சிப்பி சுரண்ட.

அக்டோபர் 23, வியாழன்

தூறல். மாத்திரை வாங்கியாச்சு. கேஸ் இல்லை.

கேட்டேவிட்டேன். "கரண்ட்டு கிரண்ட்டு தண்ணில எறங்குதா?"

சிரித்தார். "எர்த்து போட்டுகீறேன்மே."

"எங்க போட்ட?"

"கடல்ல. பச்ச வயர அந்தக் கடசித் தூணுல முறுக்கி வுட்டுகீறேன். தூணு நேரா தண்ணிக்குள்ள போவுது. கடல வுட பெரிய எர்த்து இந்த ஒலகத்துல எங்க கீது சொல்லு?"

மணியும் பக்கத்தில் இருந்து தலையை ஆட்டினான். எனக்கு மின்சாரம் தெரியாது. ஆனால் இந்த இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தலையாட்டினால் அது தப்பு என்று கல்யாணமான இருபத்தொன்பது வருஷத்தில் கற்றிருக்கிறேன்.

லைசென்ஸ் உள்ள ஆளைக் கூப்பிடப் போகிறேன் என்றேன். முகம் சுருங்கிவிட்டது. "முப்பது வருசம் கப்பல் இஞ்சினு பாத்தவன் நானு. எனக்கு மேல ஒர்த்தன் வந்து சொல்லணுமா?" சொல்லிவிட்டுத் தோசையைப் பாதியில் வைத்து எழுந்தார்.

நான் நேரே மெயின் பெட்டி இருக்கும் தகரக் கொட்டகைக்குப் போய் ஜெட்டி லைனின் பீஸ் கட்டையைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"குடுமே."

"லைசென்ஸ் வச்சிகினு ஒர்த்தன் வந்து கேக்கட்டும். அவனாண்ட குடுக்கறேன்."

மதியம் மணி வேறு கட்டை ஒன்றை லுங்கி மடிப்பில் மறைத்து எடுத்து வந்தான். அதையும் வாங்கிக்கொண்டேன். இப்போது பீரோவில், கல்யாணப் புடவைக்கு அடியில் இரண்டு பீஸ் கட்டை. சாவி என்னிடம்.

எலக்ட்ரீசியன் வேட்டை:

ஒன்று. "ஜெட்டிக்கு வயரிங் பாக்கணும்." "எதுக்கு?" "ஜெட்டிக்குப்பா." வைத்துவிட்டான்.

இரண்டு. புத்தி வந்தது. "படகு கட்டற எடம்" என்றேன். தண்ணீர் மேல் வேலை என்றால் வர மாட்டானாம். நீச்சல் தெரியாதாம்.

மூன்று. இப்போதே வருகிறேன் என்றான். லைசென்ஸ் இருக்கிறதா என்றால், "நம்பிக்க இல்லியாக்கா?" இல்லை என்று சொல்லி நானே வைத்துவிட்டேன்.

ஊருக்கே கரண்ட் காய்ச்சுகிற புகைபோக்கிக்கு அடியில் குடியிருக்கிறோம். ஒரு எலக்ட்ரீசியன் கிடைக்கவில்லை.

நான்கு. ஜாகிர் பாய், தண்டையார்பேட்டை. எத்தனை பாயின்ட், எவ்வளவு தூரம் என்று எதுவும் கேட்கவில்லை. முதல் கேள்வியே, "அந்தத் தண்ணில மன்சங்க எறங்குவாங்களாம்மா?"

"தெனம் எறங்குவாரு. என் வூட்டுக்காரு." மூன்று பேரில் ஒருத்தனும் இதைக் கேட்கவில்லையே.

"மெயின ஆப் பண்ணி வைங்க. யாரையும் எறக்காதீங்க. நாளைக்கு ஜும்மா முடிச்சதும் வரேன்."

அ. இரவுச் சாப்பாட்டுக்கு ரசம் மட்டும். என்னிடம் பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும். எனக்கு இந்த ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

அக்டோபர் 24, வெள்ளி

காலையில் வெளுப்பு, மதியம் மறுபடி மழை. போட்காரர்கள் முணுமுணுப்பு: "லைட்டு இல்லாம வல ஏத்த முடியலக்கா." ரெண்டு நாள் டார்ச் அடிங்கப்பா என்றேன்.

மூன்று மணிக்கு ஜா. பாய். திருவொற்றியூரில் லாரி வரிசை, தொப்பலாக நனைந்து வந்தார். நாற்பது வயதிருக்கும். சட்டைப் பையில் பிளாஸ்டிக் உறை போட்ட லைசென்ஸ். நான் கேட்பதற்குள் எடுத்துக் காட்டினார். அ. அதை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பி, போட்டோவையும் முகத்தையும் ஒத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். போலீஸ் தோற்றது.

பாய் முதலில் எல்லாவற்றையும் நடந்து பார்த்தார். எதையும் தொடவில்லை. அப்புறம் மீட்டரின் இரண்டு வயரையும் ஒரு மூங்கிலில் கட்டித் தண்ணீரில் விட்டார். எண் அசையவில்லை. அ. என்னைப் பார்த்தார், பார்த்தியா என்று.

"ஒரு நிமிசம் கரண்ட்டு குடுக்கணும். பீஸ் கட்ட எங்க?"

பீரோவைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். கட்டையைப் போட்டதும் மீட்டரில் எண் ஓடி ஏறியது. மூங்கிலைக் கடைசித் தூணுக்குக் கிட்டே கொண்டுபோகப் போக இன்னும் ஏறியது. பாய் உடனே கட்டையைப் பிடுங்கி என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"அண்ணே, வேல சுத்தமா கீது. ஒரே ஒரு தப்பு. சார்ஜர் பொட்டில கரண்ட்டு கசியுது. நீங்க போட்ட எர்த்து வயரு அத்த நேரா தண்ணில கொண்டாந்து எறக்குது. எர்த்து மண்ணுக்குப் போவணும்ணே. தண்ணிக்குப் போவக் கூடாது."

"ரெண்டு வருசமா இப்டிதான் கீது. ஒர்த்தருக்கும் ஒண்ணும் ஆவலியே."

"உப்புத் தண்ணில கரண்ட்டு தண்ணியோடவே போய்டும், மன்சன் ஒடம்பாண்ட வராது. மழ வந்து தண்ணி தித்திப்பாச்சுன்னா ஒடம்புதான் அதுக்கு சுளுவான வழி. கை கால் இழுத்துக்கும். நீச்சல் தெரிஞ்சவனே முழுவிடுவான்."

அ. கடைசித் தூணில் முறுக்கிய பச்சை வயரைக் குனிந்து பார்த்தார்.

"உங்களுக்கு கடிக்கவே இல்லியாண்ணே? தெனம் எறங்குறீங்களாமே."

நான் டீ கிளாஸோடு பின்னால் நின்றிருந்தேன். அவருக்குத் தெரியாது.

"நான் முட்டி அளவுதான் எறங்குவேன் பாய். கையில ரப்பர் ஒற. முட்டிக்குக் கீழ... எனுக்கு ஒண்ணும் தெர்யாது. சுடுமணலும் தெர்யாது. ஒரு வருசமா. வூட்ல சொல்லிடாதீங்க."

டீ ஆறிப்போச்சு.

அக்டோபர் 25, சனி

மழை இல்லை. தண்ணீர் கலங்கல், ஆகாயத்தாமரை மிதந்து வருகிறது. மேலே ஏரி திறந்துவிட்டார்களாம்.

காலையில் அவரை நாற்காலியில் உட்கார வைத்து இரண்டு காலையும் என் மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். "இன்னாமே பண்ற, வுடு." விடவில்லை. வலது குதிகாலில் சிப்பி கிழித்த காயம், ஆறாமல், ஓரம் வெள்ளையாக. எப்போது பட்டது என்று அவருக்கே தெரியவில்லை. ஊக்கின் மழுங்கிய பக்கத்தால் பாதத்தில் தொட்டேன். "இங்க?" "தெர்யல." "இங்க?" "தெர்யல." கணுக்காலுக்கு மேலே, முழங்காலுக்குக் கீழே, அதே பதில். தொடையில் வைத்தபோது, "கூச்சமா கீது, வுடுடி" என்றார்.

அழுதேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா நீ தண்ணில எறங்க வுட மாட்ட."

அது உண்மைதான். என்ன செய்ய. கோபமும் வருகிறது, அந்தக் காலைப் பிடித்துக்கொண்டே இருக்கலாம் போலவும் இருக்கிறது. ஒரு வருஷமாக இந்த மனுஷன் செருப்பு கழன்று போனதுகூடத் தெரியாமல் நடந்திருக்கிறார். நான் அதற்கும் திட்டியிருக்கிறேன்.

குட்டிப் பெரியாஸ்பத்திரி மாதிரி ஆகிவிட்டது வீடு: மஞ்சள் மருந்து, பஞ்சு, கட்டு. டாக்டர் திங்கள்.

பத்து மணிக்கு பாய் சாமானோடு வந்தார். கரை மேட்டில் எர்த்துக் குழி தோண்ட ஆள் வேண்டும் என்றார். "ஆளு எதுக்கு, நான் தோண்டறேன்," என்று அ. கடப்பாரையை எடுத்தார். பூட்ஸ் போட்டால்தான் என்றேன். போட்டார். முனகாமல் போட்டார்! குழாய் இறக்கி, கரியும் உப்பும் மாறி மாறிக் கொட்டினார்கள். உப்பா என்று நான் கேட்க, பாய் சிரித்தார். "ஆமாம்மா. அண்ணன் உப்பாண்ட எர்த்த கொண்டு போனாரு. நாம எர்த்தாண்ட உப்ப கொண்டு வரோம்."

அ.வும் சிரித்துவிட்டார். சண்டைக்கு அப்புறம் முதல் சிரிப்பு.

அக்டோபர் 26, ஞாயிறு

வெயில்! துணி எல்லாம் காய்ந்தது. பூசை முடிந்து பெயர் கொடுத்தாச்சு.

வரும் வழியில் அ. வண்டியை விஜயா வீட்டுக்கு விட்டார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவள் வாசலில் பறி முடைந்துகொண்டிருந்தாள்.

"விஜயா. சொறி இல்லம்மா அது. என் வயரு. நான்தான் தப்பா போட்டுட்டேன்."

அவள் எழுந்து நின்றுவிட்டாள். "அய்ய, இன்னா மாமா நீ, அதுக்கு இவ்ளோ தூரம் வந்துகினு."

"நாலு பொம்பளைங்க அங்க எறங்குறீங்க. எதுனா ஆயிருந்தா நான் இன்னா பண்ணுவேன்?"

விஜயா உள்ளே போய் ஒரு கவரில் இறாலைப் போட்டு என் கையில் திணித்தாள். இவரைக் கட்டிக்கொண்டதற்கு இன்று ரொம்பப் பெருமையாக இருந்தது. நேரில் சொன்னால் தலை கால் புரியாது.

இறால் தொக்கு. நல்ல காரம்.

அக்டோபர் 27, திங்கள்

டாக்டர்: சுகர் கால் நரம்பை மரத்துப்போக வைத்திருக்கிறது; காயம் ஆறும்வரை தண்ணீர் கூடாது, செருப்பில்லாமல் ஓரடி கூடாது, தினம் காலைப் பார்க்க வேண்டும். பார்ப்பது என் வேலை.

பாய் வேலை முடித்தார். பழைய சார்ஜர் பெட்டி போச்சு, புதுசு. எல்லா வயரும் குழாய்க்குள். கொட்டகையில் டிரிப்பர் என்று ஒரு பெட்டி. துளி கரண்ட் வழி தவறினாலும் அதுவே டக் என்று விழுந்து லைனை வெட்டிவிடுமாம். மூங்கிலை இறக்கிக் காட்டினார். எண் அசையவில்லை. கரண்ட் மணி வந்து பார்த்துவிட்டுப் பழக்கத்தில் விரலை நீட்டினான். அ. அவன் கையில் ஒன்று போட்டார்.

"மாசம் ஒரு தபா அந்த டெஸ்ட் பட்டன அமுக்கி பாருங்கம்மா." காலண்டரில் குறித்துவிட்டேன். பீஸ் கட்டை இரண்டையும் பாய் வேண்டாம் என்று விட்டுப் போனார்.

அக்டோபர் 30, வியாழன்

நள்ளிரவிலிருந்து கொட்டல். தண்ணீர் பலகைக்கு ஒரு முழம் கீழே. படகுக் கயிறெல்லாம் விறைத்து நிற்கிறது, தளர்த்தாவிட்டால் கொக்கி பிய்ந்துவிடும்.

போகாதே என்றேன். காயத்தைக் காட்டினேன். காலில் பூட்ஸ், அதற்கு மேல் பாலிதீன் கவர், அதற்கு மேல் ரப்பர் பேண்ட் என்று கட்டிக்கொண்டு என்னிடமே காட்டுகிறார். "ரெண்டே நிமிசம்மே." மார்பளவு தண்ணீர்.

நான் கொட்டகையில் நின்றிருந்தேன். மூன்றாவது போட்டில் தண்ணீர் இறைக்கிற சின்ன மோட்டாரை யாரோ ஜெட்டி ப்ளக்கில் செருகி ஓடவிட்டே போயிருக்கிறார்கள். போட் ஒரு சாய்ப்பு சாய்ந்தது. மோட்டார் வயரோடு வழுக்கிக்கொண்டு ஆற்றுக்குள் விழுந்தது. அவருக்கும் அதற்கும் இரண்டு கை தூரம்.

என் தலைக்குப் பக்கத்தில் டக்.

விளக்கெல்லாம் அணைந்தது. அப்புறம் தண்ணீரிலிருந்து குரல்.

"இன்னாமே இது, கரண்ட்டு பூட்ச்சு! மூணு நாள் தாங்கல பாரு! கூப்டு அந்த பாய!"

இரண்டு தடவை தப்பு நம்பர். அப்புறம் கிடைத்தார்.

"பாய், டிரிப்பர் வுழுந்துச்சு. மோட்டரு தண்ணில கெடக்குது."

"ப்ளக்க புடுங்குங்க மொதல்ல. டிரிப்பர தூக்கி வுடாதீங்க. புடுங்கிட்டீங்களா? அண்ணன் எங்க?"

"தண்ணிலதான் நிக்கிறாரு. உங்களத்தான் திட்டிகினு கீறாரு."



"நல்லா திட்டட்டும்மா."