எல்லாத்துக்கும் ஆஃப் போடுவான்

ஜெயங்கொண்டம் – தா.பழூர் ரோடு
வியாழக்கிழமை

அன்புள்ள தம்பி திருமுருகனுக்கு, முத்துவின் அம்மா செல்வம்மாள் எழுதுவது.

நீ அங்கே நன்றாக இருக்க வேண்டும். இங்கேயும் எல்லோரும் நன்றாக இருக்கிறோம் என்று எழுதத்தான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். இந்தத் தடவை அது எழுத வரவில்லை. நான் அஞ்சாவதோடு நின்றவள், எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துப் படி. போன் போட்டால் நீ எடுப்பதில்லை. அதனால் பழூருக்குப் போய் உன் அம்மா புவனேஸ்வரியிடம் சிங்கப்பூர் விலாசத்தை வாங்கி வந்தேன். அவளைக் கோபித்துக்கொள்ளாதே. என்னைப் பார்த்ததும் அழுதுவிட்டாள், மாட்டேன் என்று எப்படிச் சொல்வாள்.

முத்துவைத் திருச்சி ஏர்போர்ட்டில் வாங்கிக்கொண்டு வந்தோம். பெட்டியைத் திறக்க வேண்டாம் என்றார்கள். அவன் அப்பா திறந்தே ஆக வேண்டும் என்று நின்றார். முகத்தில் ஒரு கீறல் இல்லை. தூங்குகிற பிள்ளைக்கு யாரோ பவுடர் பூசிவிட்ட மாதிரி இருந்தான். நீ கூட இருந்து பார்த்திருப்பாய், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

முந்திரி பூத்திருக்கிறது. அவன் அப்பா காலையில் முந்திரிக் கொல்லைக்குப் போகிறார், பொழுது சாய வருகிறார், பேச்சு கிடையாது. முத்துவின் தங்கை மேகலாதான் சமைக்கிறாள். உப்பு இருக்கிறதா இல்லையா என்று யாரும் கேட்பதில்லை.

காரியத்துக்குப் பந்தல் போட ஆள் வந்தான். முத்துவின் பெரியப்பா அய்யாக்கண்ணு எல்லோர் முன்னாலும், "தானாப் போனவனுக்குப் பந்தல் என்னாத்துக்கு? நாலு பேர வச்சி முடிச்சி வுடுங்க" என்றார். பந்தல்காரன் தோண்டின குழியைக் காலாலேயே தள்ளி மூடிவிட்டுப் போய்விட்டான். அன்றிலிருந்து இந்த ஊரில் முத்து தானாகப் போனவன்தான். கடையில், பஸ்ஸில், குழாயடியில் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்துகிறார்கள். மேகலாவைப் பெண் பார்க்க வருவதாக இருந்த உடையார்பாளையத்துக்காரர்கள் இப்போது போனே செய்வதில்லை.

கம்பெனியிலிருந்து வந்த காகிதம்தான் இதற்கெல்லாம் காரணம். அதில் முத்து கடைசியாக சூப்பர்வைசருக்கு அனுப்பிய மெசேஜைப் போட்டிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுச் சிந்து பெரம்பலூர் காலேஜில் இங்கிலீஷ் படிக்கிறாள், அவளைத்தான் படிக்கச் சொன்னேன். "ஐ ஆம் ஃபுல்லி டயர்ட் ஆஃப் திஸ் சார். டன் வித் எவ்ரிதிங். கோயிங் டவுன் நவ்." இவ்வளவுதான் மெசேஜ். படித்துவிட்டு அந்தப் பெண் என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். என்னடி போட்டிருக்கு என்று கேட்டேன். எல்லாம் வெறுத்துப்போய்விட்டது, இனி எதுவும் எனக்கு வேண்டாம், கீழே போகிறேன் என்று அர்த்தம் வருகிறது அத்தை என்றாள். ஒன்பதாவது மாடிச் சாரத்தில் நின்று ஒருவன் இப்படி எழுதினால் யாராக இருந்தாலும் அப்படித்தானே நினைப்பார்கள்.

மறுநாள் காலையில் அவளே ஓடி வந்தாள். "அத்தை, அத இங்கிலீஷா படிச்சா ஒண்ணு, அண்ணன் வாயால படிச்சா வேற ஒண்ணு" என்றாள். டயர்ட் பக்கத்தில் ஃப்ரம் என்று வந்தால் உடம்பு ஓய்ந்துபோனது என்று அர்த்தமாம். ஆஃப் வந்தால் மனசு வெறுத்துப்போனது என்று அர்த்தமாம். வெறும் டன் என்றால் வேலையை முடித்துவிட்டேன் என்பதாம். கூட வித் சேர்ந்துவிட்டால் இனி எனக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்றாகிவிடுமாம். "அண்ணன் தமிழ்ல நெனச்சி எழுதியிருக்கு அத்தை. ஃபுல்லா அசந்துட்டேன் சார், எல்லாத்தையும் முடிச்சிட்டேன், கீழ எறங்குறேன். அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு அவளும் அழுதாள். அத்துணூண்டு சொல் அது, தம்பி. அதில் என் பிள்ளை விழுந்ததே குதித்ததாக மாறிவிட்டது.

அவன் எல்லாத்துக்கும் ஆஃப் போடுவான், உனக்குத் தெரியாதா. போனில் என்னிடம், ஐ ஆம் ஹேப்பி ஆஃப் யூம்மா, ஐ ஆம் ஹங்கிரி ஆஃப் மீன் கொழம்பும்மா என்பான். ஏண்டா எப்பப் பார்த்தாலும் ஆஃப் ஆஃப்ங்குற, கரண்டு போயிடப்போவுது என்பேன். "எம்மா, அது வேற ஆஃப், இது வேற ஆஃப். நீ சுவிட்சுக்கிட்டயே நில்லு" என்று சிரிப்பான். நானும் திருமுருகனும் ஒரே போனைப் பார்த்து, மேல் கட்டிலில் ஒருத்தன் கீழ்க் கட்டிலில் ஒருத்தனாகப் படுத்துக்கொண்டு இங்கிலீஷ் படிக்கிறோம் என்று சொல்வான்.

அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். அதே காகிதத்தில் நீ சொன்னதும் இருக்கிறது. கூடத் தங்கியிருந்தவர் சொன்னது என்று போட்டு, "ஹி வாஸ் ஆல்வேஸ் டயர்ட் ஆஃப் வொர்க்" என்று எழுதியிருக்கிறார்கள். சிந்து அதைப் படித்ததும் எனக்கு உன் மேல் ஆத்திரம் வரவில்லை. இது உன் வாயில் வந்த முத்துவின் பேச்சு என்று தெரிந்துவிட்டது. அவன் நன்றாக உழைத்தான், தினமும் அசந்துபோய்த்தான் வந்து படுப்பான் என்று சொல்ல நினைத்திருப்பாய். அவர்கள் இங்கிலீஷில் கேட்டார்கள், நீயும் பயந்துகொண்டு இங்கிலீஷில் சொல்லிவிட்டாய். பிறகு யாரோ உனக்கு அர்த்தம் சொல்லியிருப்பார்கள். அன்றிலிருந்துதான் என் போனை நீ எடுப்பதில்லை என்று நினைக்கிறேன். தப்பாக நினைத்திருந்தால் மன்னித்துக்கொள்.

இந்த மாதக் கடைசியில் மறுபடியும் விசாரணை என்று போட்டிருக்கிறது. அதோடு முடித்துவிடுவார்களாம். அந்த ஊரில் தமிழும் கவர்மெண்டு பாஷைதானாம், தமிழில் சொல்ல ஆள் வேண்டும் என்று கேட்டால் கொடுத்தாக வேண்டுமாம், சிந்து விசாரித்துச் சொன்னாள். நீ தமிழில் சொல். அன்றைக்கு மழை பெய்ததா, பலகை வழுக்கியதா, விழாமல் இருக்க மாட்டுகிற பெல்ட்டை எப்போது கழற்றினான், எது தெரியுமோ அதைச் சொல். பேச்சை மாற்றிச் சொன்னால் ஊருக்கு ஏற்றிவிடுவார்கள் என்று நீ பயப்படலாம். உன் வீட்டு நிலைமை எனக்குத் தெரியும். பயப்படாதே என்று இங்கே உட்கார்ந்துகொண்டு நான் சுலபமாக எழுதிவிட முடியாது.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதை சிந்துவிடம் கூடச் சொல்லவில்லை.

கடைசியாகப் பேசினபோது அவன், "அலுப்பா இருக்கும்மா" என்றான். தூங்குடா, காலையில் சரியாகிவிடும் என்று வைத்துவிட்டேன். நம் பேச்சில் அலுப்பு என்று ஒரே சொல்தான் இருக்கிறது, தம்பி. நாற்று நட்டுவிட்டு வந்தாலும் அலுப்பு, இருந்து என்ன கண்டோம் என்றாலும் அலுப்பு. இங்கிலீஷ்காரனாவது பக்கத்தில் இன்னொரு சொல்லை வைத்துப் பிரித்துக்கொள்கிறான். எனக்கு எதை வைத்துப் பிரிப்பது என்று தெரியவில்லை. அந்தக் குரலைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். ஒரு நாள் உடம்பு அலுப்பாகக் கேட்கிறது. ஒரு நாள் மற்றது.

நீதான் அவனோடு படுத்து எழுந்தவன். அவன் சோறு பிடித்துச் சாப்பிட்டானா, சிரித்தானா, ராத்திரி புரண்டுகொண்டு கிடந்தானா எல்லாம் உனக்குத் தெரியும். கால் வழுக்கித்தான் போனான் என்றால் அவர்களிடமும் சொல், எனக்கும் சொல். ஊர் வாய் மூடும், மேகலா தலை நிமிர்வாள். அப்படி இல்லை, அவன் மனசுதான் வெறுத்துப்போயிருந்தது என்றால் அதையும் நீயே எனக்குச் சொல்லிவிடு. பெற்றவள் தாங்க மாட்டாள் என்று மறைக்காதே. பெரியப்பா வாயால் கேட்டுவிட்டேன், காகிதத்தில் கேட்டுவிட்டேன், அவனைத் தெரிந்த ஒருவன் வாயால் இன்னும் கேட்கவில்லை.

வேளைக்குச் சாப்பிடு. அந்தக் கட்டிலில் வேறு யாராவது வந்துவிட்டார்களா? வந்திருந்தால் அந்தப் பிள்ளையோடும் நல்லபடியாக இரு. நீ லீவில் வரும்போது பழூர் பஸ் எங்கள் ஊர் வழியாகத்தான் போகும். அப்போது ஜன்னல் பக்கம் தலையைக் குனிந்துகொண்டு போய்விடாதே, தம்பி. நீ எதைச் சொல்லியிருந்தாலும், எதையும் சொல்லாமலே இருந்திருந்தாலும், இறங்கி வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போ. நீ நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உனக்கும் அம்மா முறையான
செல்வம்மாள்