பாலத்துக்கு இந்தப் பக்கம்

அன்பு மகளுக்கு,

நானும் உன் அம்மாவும் இங்கே முழுசாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அங்கே சளி, காய்ச்சல் என்று எதுவும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். முழுசாக என்று போட்டதைப் பார்த்துப் பதறாதே, யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் உன் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு நான் வாயைத் திறப்பதற்குள் பாதிக் கதையைச் சொல்லிவிடுவாள், அதோடு இதைச் சொல்லும்போது என் குரல் எப்படிப் போகும் என்று எனக்கே தெரியவில்லை. அம்மாவுக்கு முட்டி வலி பரவாயில்லை. மாடிப்படி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டிக்கொண்டே ஏறுகிறாள், மூன்றாவது மாடியில் வீடு கட்டியவன் நான்தான் என்கிற மாதிரி.

விஷயம் வண்டியைப் பற்றித்தான். செகண்ட் ஹேண்டில் வாங்குவதானால் பெட்ரோல் வண்டியாகப் பாருங்கள் அப்பா என்று நீ அன்றைக்கே தலைபாடாக அடித்துக்கொண்டாய். நான் கேட்கவில்லை. ஆயுசு பூராவும் டீசல் பஸ் ஓட்டினவனுக்கு டீசல் வாசனை இல்லாவிட்டால் வண்டியில் உட்கார்ந்த மாதிரியே இருக்காது என்று பெரிய பேச்சுப் பேசினேன். வாங்கி வந்து அதைப் பொத்திப் பொத்தி வைத்துக்கொண்டேன். மார்க்கெட், ஆஸ்பத்திரி, அம்மாவின் தையல் கடை, இதைத் தாண்டி எங்கும் போவதில்லை, வேகமும் போவதில்லை. கடைசியில் பார்த்தால் அதுதான் அதற்கு வியாதியாம். புகைக்குழாயில் கரியைப் பிடிக்கிற ஃபில்டர் ஒன்று இருக்கிறது, வண்டி நெடுந்தூரம் வேகமாக ஓடிச் சூடேறினால்தான் அந்தக் கரி எரியும், இல்லாவிட்டால் அடைத்துக்கொள்ளும் என்று ஒர்க்‌ஷாப்பில் தாடிக்கார மெக்கானிக் சொன்னார். எங்கள் காலத்துப் பஸ்ஸுக்கு இந்த நோயெல்லாம் கிடையாது. வாரண்டி இருந்தவரைக்கும் மஞ்சள் விளக்கு எரிந்தால் கொண்டுபோய் விடுவேன், சுத்தம் பண்ணிக் கொடுப்பார்கள், நானும் மகராசனாகத் திரும்பி வருவேன். வாரண்டி முடிந்தது, அந்த வாரமே விளக்கு மறுபடி எரிந்தது. இனிமேல் கைக்காசுதான், ஃபில்டரையே மாற்றவேண்டி வந்தால் வண்டியே வேண்டாம் என்று ஆகிவிடும், அதனால் வாரம் ஒருமுறையாவது ஹைவேயில் விரட்டி ஓட்டுங்கள் என்றார் மெக்கானிக். சரி என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலையில் கிளம்பினோம். போக ஒரு இடமும் இல்லை, பார்க்க ஒரு ஆளும் இல்லை. அக்கம்பக்கத்தில் நாயை வாக்கிங் கூட்டிப்போகிறார்கள், நாங்கள் வண்டியைக் கூட்டிப்போகிறோம் என்று அம்மா எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தாள்.

அப்படிப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் பெரிய பாலத்தில் அது நடந்தது. உனக்குத் தெரியும், அந்தப் பாலத்தில் ஓரம் கட்ட இடமே கிடையாது, இந்தப் பக்கம் கைப்பிடிச் சுவர், அந்தப் பக்கம் அடுத்த லைன். அம்மா மடியில் துண்டை விரித்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். பாலத்தின் நடுவே வண்டி திடீரென்று தொய்ந்தது. ஆக்சிலேட்டரை அழுத்துகிறேன், கால் கீழே போகிறது, வண்டி போகவில்லை. நாலு பக்க விளக்கையும் போட்டேன். கண்ணாடியில் ஒரு லாரி. முதலில் அதன் முன்கண்ணாடி, விளக்கு, முகப்பு எல்லாம் தெரிந்தது, அப்புறம் முகப்பு மட்டும், அப்புறம் அந்த முகப்பில் ஒரு துண்டு மட்டும். அத்தனை வருஷம் அந்த உயரத்தில் உட்கார்ந்து ஹாரன் அடித்தவன் நான். முன்னால் போகிற சின்ன வண்டிக்காரனுக்கு அது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கடைசி நேரத்தில் அவன் எப்படியோ ஒடித்துத் திருப்பிப் போய்விட்டான், அவன் போன காற்றில் நம் வண்டி ஆடியது. என் சட்டைக் கையைப் பிடித்த அம்மா பாலம் முடியும்வரை விடவில்லை. ஆமை மாதிரி ஊர்ந்து இறங்கினோம், இறங்கியதும் ஓரமாக நிறுத்தினேன், அம்மாதான் சாவியைத் திருப்பி அணைத்தாள்.

அதற்கப்புறம் நான் வண்டியைத் தொடவில்லை. மார்க்கெட்டுக்கு நடந்தே போனேன், கேட்டவர்களிடம் சர்க்கரைக்கு நல்லது என்றேன், கீழ்வீட்டுக்காரர் என்னைப் பார்த்துத் தானும் நடக்க ஆரம்பித்துவிட்டார். நான் எதற்கு நடக்கிறேன் என்று எனக்கும் அம்மாவுக்கும்தான் தெரியும். படுத்துக் கண்ணை மூடினால் அந்த முகப்பு வந்து நிற்கும். அந்தச் சமயத்தில்தான் நீ குட்டியோடு அடுத்த மாதம் வருவதாகச் சொன்னாய், தாத்தா காரில்தான் ஏறுவேன் என்று அவனும் போனில் கத்தினான். அம்மா உடனே கிளம்பிப்போய்க் குழந்தை சீட் வாங்கி வந்தாள். பின்சீட்டில் அதை வைத்து, பெல்ட்டெல்லாம் இழுத்துக் கட்டி, சரியாக இருக்கிறதா என்று பார்க்க முன்னால் வந்து உட்கார்ந்து கண்ணாடியைப் பார்த்தேன். குழந்தை சீட் தெரிந்தது. அதற்குப் பின்னால் பின்கண்ணாடி. லாரியின் முகப்பு தெரிந்த அதே இடம். நடுவில் வேறு ஒன்றுமே இல்லை, மா. கதவைத் திறந்துகொண்டு இறங்கி, படியில் உட்கார்ந்துவிட்டேன். இந்தச் சனியன் இனிமேல் நம் வீட்டில் இருக்கக் கூடாது என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் இதற்காகவே காத்திருந்தவள் மாதிரி, எக்ஸ்சேஞ்சில் போட்டுச் சின்னதாக ஒரு பெட்ரோல் வண்டி எடுங்க, உங்களுக்குச் சொல்லிச் சொல்லி என் வாய் வலிக்குது என்றாள்.

ஷோரூம் அந்தப் பாலத்துக்கு அப்பால்தான் இருக்கிறது, பார்த்தாயா என் நேரத்தை. ஓட்டிக்கொண்டு வாங்க, பார்த்து விலை சொல்கிறோம் என்றார் அங்கிருந்து போனில் பேசின பெண். நான் ஓட்டி வர மாட்டேன், அது நடுவழியில் நிற்கும் வண்டி, ஃபில்டர் அடைப்பு, ஏற்றத்தில் இழுவை போய்விடும் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பக்கத்தில் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். என்ன செய்வது, ஷிப்ட் மாறும்போது இந்தப் பஸ்ஸில் பிரேக் தாமதமாகப் பிடிக்கும், கியர் நழுவும் என்று அடுத்த டிரைவரிடம் சொல்லாமல் நான் ஒருநாளும் சீட்டை விட்டு இறங்கினதில்லை. சொல்லாமல் இறங்கினால் அவன் பின்னால் உட்கார்ந்திருக்கிறவர்களை யார் பார்ப்பது. அந்தப் பெண் நிதானமாகக் கேட்டுவிட்டு, பரவாயில்லை சார், கம்ப்யூட்டரில் போட்டால் எல்லாம் தெரிந்துவிடும் என்றார். நான் அரிச்சந்திரன் வேஷம் கட்டியது வீண். விலையைக் குறைத்தார்கள், ஆனால் அவர்களே ஒரு லாரி அனுப்பித் தூக்கிப்போனார்கள். தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். வருத்தம் ஒரு பொட்டுகூட இல்லை.

இப்போது வெள்ளை நிறத்தில் ஒரு பெட்ரோல் வண்டி கீழே நிற்கிறது, புதுசு, வாரண்டியும் இருக்கிறது, தைத்துக்கொண்டிருக்கும்போது அம்மாவின் மெஷின் போடுகிற சத்தம்கூட அதற்கு இல்லை. பழைய வண்டியோடு பயமும் போய்விடும் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. அம்மா தினமும் சாயங்காலம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, பஸ் ஸ்டாப் வரைக்கும் போகலாங்க என்பாள், மறுநாள் பள்ளிக்கூடம் வரைக்கும் என்பாள். போன வாரம் பாலத்தின் அடிவரை போனோம். அதற்கு மேல் கால் ஏறவில்லை. திரும்பிடலாங்க என்று அவளே சொன்னாள்.

அதனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். மாப்பிள்ளையிடம் வேறு ஏதாவது காரணம் சொல்லிக்கொள். இத்தனை தடவை நீ வந்தபோதும் ஏர்போர்ட் வாசலில் நான் நின்றிருக்கிறேன். இந்தத் தடவை நீ ஒரு டாக்ஸி பிடித்துப் பாலத்தைத் தாண்டி வந்துவிடு. இறங்கியதும் இடது பக்கம் பெட்ரோல் பங்க் இருக்கிறது, காலையிலிருந்தே நானும் அம்மாவும் அங்கே நிற்போம். அங்கே இறங்கிக் குட்டியை என் கையில் கொடு. அங்கிருந்து வீடு வரைக்கும் நான் ஓட்டுவேன். அந்தத் தூரத்தை மட்டும் தினமும் ஓட்டிப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் மூன்று பேரும் நூறு வயது நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். டாக்ஸியில் பின்சீட்டில் உட்கார்ந்தாலும் பெல்ட் போட்டுக்கொள், மறந்துவிடாதே.

இப்படிக்கு,
பாலத்துக்கு இந்தப் பக்கம் காத்திருக்கும்
உன் அப்பா