வெள்ளை அட்டைக்குப் பக்கத்தில் உங்கள் முகம்

அண்ணே,

இன்று காலை செராஸில் இருக்கும் மகள் வீட்டுக்குப் புது டிவி பொருத்த வந்தவர், நிறம் சரிபார்க்க வண்ணப் பட்டைகளைத் திரையில் வரவைத்தார். அதைப் பார்த்ததும் மகளின் கையைப் பிடித்துக்கொண்டேன். "என்னம்மா?" என்றாள் மகள். ஒன்றுமில்லை என்றேன். உங்களிடம்தான் சொல்ல முடியும்.

எண்பதுகளில் பிரிக்பீல்ட்ஸில் நாம் இருவரும் கல்யாண வீடியோ கடை நடத்தினோம். நீங்கள் படம் பிடிப்பீர்கள்; மானிட்டர் என் பொறுப்பு. அந்தக் கேமராவுக்குள் கண்ணை வைத்துப் பார்த்தால் எல்லாமே கறுப்பு வெள்ளை. நிறம் பார்க்க, வெளியே இருக்கும் மானிட்டர் திரையைத்தான் நம்ப வேண்டும். அது பொய் சொன்னால் மணப்பெண் பச்சையாகத் தெரிவாள். அதனால் ஒவ்வொரு கல்யாணத்துக்கு முன்பும் பட்டைகளை வைத்து அதைச் சரிசெய்துவிட்டு, பெரிய விளக்கைப் போட்டு, கேமரா நிறத்தைச் சரியாகப் பிடிக்கிறதா என்று பார்க்க வெள்ளை அட்டையோடு உங்களை உட்கார வைப்பேன்.

கிள்ளானில் ஒரு கல்யாணத்துக்கு முதல் நாள் மத்தியானம் உங்கள் முகம் மஞ்சளாகத் தெரிந்தது.

"மானிட்டர் போச்சுலா, கொஞ்சம் திருகு," என்றீர்கள்.

திருகினேன். முகம் தேறியது, அட்டையில் நீலம் பாய்ந்தது. மறுபடி பட்டைகளை வைத்து மானிட்டரைச் சரிசெய்தேன். அட்டை சுத்த வெள்ளை. பக்கத்தில் உங்கள் கண்ணின் வெள்ளை மட்டும் மஞ்சள்.

தினமும் பார்க்கிற முகம். கடை பல்பின் மங்கிய வெளிச்சத்தில் எனக்குத் தெரியவேயில்லை. அப்பாவும் ரயில்வே குவார்ட்டர்ஸில் இப்படி மஞ்சளாகித்தான் இறந்துபோனார்.

"அண்ணே, மானிட்டர் சரியாத்தான் இருக்கு. ஹாஸ்பிட்டல் போலாம்."

"நாளைக்குக் கல்யாணம்மா. முடிச்சிட்டுப் போறேன்."

"அப்போ நான் கிள்ளானுக்கு வரல."

திரையையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு மெல்லக் கேட்டீர்கள். "அப்பா மாதிரியா இருக்கு?" உங்கள் குரலில் பயத்தை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். உங்கள் கையிலிருந்த அட்டையை வாங்கிவைத்து விளக்கை அணைத்தேன்.

கல்யாணத்தைப் பங்சாரில் இருந்த வீடியோக்கார நண்பரிடம் ஒப்படைத்துவிட்டு டாக்சி பிடித்தோம். பித்தக்குழாயைக் கல் அடைத்திருக்கிறது, தள்ளிப்போட்டிருந்தால் பெரிய ஆபத்து என்றார் டாக்டர். ஆபரேஷன் அறைக் கதவு மூடியதும் எனக்கு ஜெபம்கூட மறந்துபோனது. மயக்கம் தெளிந்ததும் நீங்கள் கேட்டது இதுதான். "கிள்ளான்ல கலர் ஒழுங்கா வந்துச்சா?" சிரிக்கப் போய் அழுதுவிட்டேன்.

அதன் பிறகு எத்தனையோ வருஷம் இருந்தீர்கள். போன மாதம் தூக்கத்திலேயே போய்விட்டீர்கள். இந்த முறை எந்தத் திரையும் எனக்கு முன்கூட்டியே காட்டித் தரவில்லை.

பயம் மட்டும் என்னோடு தங்கிவிட்டது. மகளைப் பார்க்கும்போதெல்லாம் ஜன்னல் ஓரம் நிறுத்திவிடுகிறேன். "எனக்கு ஒன்னும் இல்லலா மா," என்கிறாள். இருந்தாலும் இமையை இழுத்து, கண்ணின் வெள்ளையை இன்னொரு முறை பார்த்துவிட்டுத்தான் விடுகிறேன்.