சிங்கத்தோடு கடலோரம்

பங்குனி, வியாழன்

ஏழு மணிக்கே வெயில் சுள்ளென்று. பள்ளிக்கூடத்தில் மூன்று நாள் லீவு எழுதிக் கொடுத்தாயிற்று. காரணம்: குடும்ப வேலை. ஹெச்.எம். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. நல்ல மனிதர்.

வேலை இதுதான். திங்கட்கிழமை தாசில்தார் எங்கள் தெருவுக்கு வருகிறார். குடியிருக்கிற மனை குடியிருக்கிறவனுக்கே என்று சட்டம் வந்து, அது இப்போதுதான் எங்கள் தெரு வரை நடந்து வந்திருக்கிறது. வீட்டுக்காரர் நேரில் நிற்க வேண்டும். இல்லையென்றால் "ஆள் இல்லை" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். பண்ணைக்காரர்களுக்கு அது போதும்.

அப்பாதான் இல்லையே. குறுவை அறுப்பில் கூலித் தகராறு, போலீஸ் கேஸ். அன்று இரவு வயல் வழியாகப் போனவர் இன்னும் திரும்பவில்லை. கேஸ் தள்ளுபடியாகி இருபது நாள் ஆகிறது. அது அவருக்குத் தெரியாது.

மீன் விற்க வருகிற அக்கா சொன்னது இவ்வளவுதான்: "பூம்புகாருக்குத் தெக்க ஏதோ ஒரு குப்பத்துல இருக்காராம். எதுன்னு எனக்கும் தெரியாது. கேட்டாலும் சொல்ல மாட்டாங்க."

எடுத்துக்கொண்டவை: தூக்கில் சோறு, வெங்காயம், கோர்ட் நகல், மாற்றுப் புடவை, சிங்கம்.

சிங்கம் அப்பாவின் நாய். கோழி சீறினால் ஒதுங்கிப் போகும், பெயர் மட்டும் அப்படி. ஆனால் அப்பா வருவது அதற்கு எங்களுக்கு முன்பே தெரியும். குப்பத்து ஆட்கள் என்னிடம் "இல்லை" என்று சொல்லலாம். நாயிடம் சொல்லிப் பார்க்கட்டும்.

கண்டக்டர்: "நாய்க்கு யாரும்மா டிக்கெட் கிழிக்கிறது? எறங்கு எறங்கு." இறங்கினேன். ஆற்றங்கரையோடு நடை.

சாயங்காலம். காவிரி கடலில் சேரும் இடம். மேட்டூர் மூடிய மாதம், கணுக்கால் அளவுதான் தண்ணீர். புடவையைத் தூக்கிக்கொண்டு தாண்டிவிட்டேன். இந்தத் தண்ணீருக்காக மண்வெட்டியால் மண்டை உடைந்ததைப் பார்த்தவள் நான்.

அப்புறம் நிமிர்ந்து பார்த்தேன். கடல். தை அமாவாசைக் கூட்டத்தோடு ஒருமுறை வந்திருக்கிறேன், அன்று தெரிந்ததெல்லாம் தலைகள். இன்று யாருமில்லை. கண்ணுக்கு எட்டிய வரை ஒரு வரப்பு கிடையாது. மணலில் உட்கார்ந்துவிட்டேன். சிங்கமும் உட்கார்ந்துவிட்டது.

மீன்கார அக்காவின் தங்கை வீட்டில் படுக்கை.

வெள்ளி

காலை முதல் மூன்று குப்பம். மூன்றிலும் ஒரே பதில்: "அப்படி யாரும் இல்ல தங்கச்சி." மூன்றிலும் ஒரே முகம். ஒரு இடத்தில் இல்லை என்று சொல்லிக்கொண்டே எனக்கு டீ, சிங்கத்துக்கு மீன் தலை. சிங்கம் தலையைத் தின்றது, வேறு எந்த விசேஷமும் காட்டவில்லை. அப்படியென்றால் அங்கே இல்லை.

முட்டாள்தனம்: தண்ணீர் எடுத்து வரவில்லை. எங்கள் பக்கம் யார் எடுத்துப் போவார்கள்? பத்தடிக்கு ஒரு வாய்க்கால், குளம். இங்கே உலகத்துத் தண்ணீரெல்லாம் எதிரில், ஒரு வாய் குடிக்க வழியில்லை. பன்னிரண்டு மணிக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. சிங்கத்தின் நாக்கு தரையில்.

நாலாவது குப்பத்தில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்த ஒருவர், ராசாத்தி அக்கா, எழுந்து வந்து அலைக்கு நாற்பதடி தள்ளி மணலைக் கையால் தோண்டினார். சிங்கமும் பக்கத்தில் வந்து இரண்டு காலாலும் தோண்டியது. முழங்கை ஆழத்தில் ஊற்று. குடித்தேன். எங்கள் குளத்தைவிட இனிப்பு. கடலுக்குக் காலடியில் நல்ல தண்ணீர். திரும்பத் திரும்பக் கையில் அள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"காலு வேகுதே. செருப்பை ஏன் கையில வச்சிருக்க?" என்றார் அக்கா.

அப்போதுதான் பார்த்தேன். கையில் செருப்பு. நேற்றிலிருந்து ஒவ்வொரு குப்பத்திலும், முதல் கூரை தெரிந்ததும் கழற்றியிருக்கிறேன். பண்ணைத் தெருவில் கழற்றிப் பழகிய கை. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிற டீச்சர், இப்படி. வெட்கமாகப் போயிற்று.

"பழக்கம்," என்றேன்.

"மணலு சுடும். போட்டுக்க."

போட்டுக்கொண்டேன். அப்பாவைப் பற்றிக் கேட்டதற்கு மட்டும் அவரும் "இல்ல" என்றார். ஆனால் படுக்கப் பாய் கொடுத்தார். ஆம்பிள்ளைகள் எல்லாம் ராத்திரி கடலில், விடியத்தான் திரும்புவார்களாம்.

சனி

விடியும்போதே கரைவலை. படகில் போய் வளைத்துப் போட்ட வலையின் இரண்டு கயிறுகளைக் கரையில் இரண்டு வரிசையாக நின்று இழுக்கிறார்கள். ஒரு வரிசைக்கு முப்பது பேர் இருப்பார்கள்.

சிங்கத்தின் காது எழுந்தது. அப்புறம் நாயைக் காணவில்லை, மணல்தான் பறந்தது.

வரிசையின் கடைசி ஆள் மேல் தாவி விழுந்து, முகத்தை நக்கி, ஒரு மாதிரிக் குரலில் ஊளை. ஓலைத் தொப்பி கீழே விழுந்தது. அப்பா. கறுத்து, இளைத்து. ராசாத்தி அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். "நாங்க சொல்லல. நாய் சொல்லிடுச்சு."

அப்பா கயிற்றை விடவில்லை. "வலை கரையேறட்டும் பாப்பா. இப்ப விடக்கூடாது."

அவருக்குப் பின்னால் நானும் பிடித்தேன். மறுமுனையில் கடல் இழுக்கிறது. கை வழியாகத் தோள் வரை தெரிந்தது, உயிருள்ள ஒன்று என்று. ஒரு மணி நேரம். மீன் நிறைந்த வலைமடி கரையேறியதும் மணலில் மீன் துள்ளித் துள்ளி வெள்ளியாக. அறுவடையை எத்தனையோ பார்த்திருக்கிறேன். விதைக்காத அறுவடை இதுதான் முதல்.

கோர்ட் நகலைப் படித்துக் காட்டினேன். திங்கட்கிழமை விஷயமும் சொன்னேன். நகலை வாங்கி மடித்து என் கையிலேயே கொடுத்தார்.

"இங்க ஒருத்தரும் நீ எந்தப் பண்ணை ஆளுன்னு கேக்கல பாப்பா. அங்க வந்து மறுபடியும் நாலு பக்கமும் அவங்க நெலம், நடுவுல நானு. எதுக்கு?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நடுவுல அம்மா நிக்கிறா. ஆறு மாசமாத் தனியா. அந்த எடம் உன் பேருல ஆனா, அவளை எவனும் எறங்குன்னு சொல்ல முடியாது. வாப்பா."

எழுந்து போய் அலையில் நின்றார். இனி வரமாட்டார் என்றே நினைத்தேன். சிங்கத்தைத் தூக்கிக் கழுவிக்கொண்டு வந்தார். "போவோம்."

ஞாயிறு

வடக்கே நடை. ஈர மணலில் நடக்க வேண்டுமாம், கால் புதையாது. அப்பா சொல்லித்தான் தெரிந்தது. நண்டுகளை விரட்டி விரட்டிச் சிங்கத்துக்கு மூக்கெல்லாம் மணல்.

அப்பா இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. காற்று எப்போது திரும்பும், தண்ணீர் எந்த நிறமானால் மீன். ஆற்று முகத்தில் ஒருமுறை திரும்பி நின்று கடலைப் பார்த்தார். கும்பிட்டார். நானும்.

திங்கள்

மேகம். மழை இல்லை. பண்ணைத் தெருவைச் செருப்போடு தாண்டினோம். யாரோ இருமினார்கள்.

பத்தரைக்குத் தாசில்தார். கூட எழுத்தர், பண்ணை ஏஜெண்டு. தெருக்கோடியில் வயலுக்கு நடுவே தனியாக நிற்கிற வீடு; அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

எழுத்தர் பேனாவைத் திறந்தார். "செக்குபந்தி சொல்லுய்யா. வீட்டுக்கு நாலு எல்லை. வடக்க?"

"பண்ணை வயலுங்க."

"தெக்க?"

"பண்ணை வயலுங்க."

"மேக்க?"

"பண்ணைத் தோப்புங்க."

"கெழக்க?"

அப்பா கிழக்கே திரும்பிப் பார்த்தார்.

"கடலுங்க."

ஏஜெண்டு சிரித்தார். தாசில்தார் சிரிக்கவில்லை. "கடல் ஆறு மைல் தள்ளி இருக்குய்யா."

"ஆமாங்க. அங்கேருந்துதான் வந்தேன்."

கைநாட்டு வைத்தாயிற்று. மனை அப்பா பேரில். கிழக்கே "பண்ணை வாய்க்கால்" என்று எழுதிக்கொண்டு போனார்கள். எழுதட்டும்.