மூன்றாவது ‘நக்கோ’வுக்குப் பிறகு

அக்கா,

முட்டி ஆபரேஷன் முடிந்து படுத்திருக்கிறேன். இன்று காலை நர்ஸ் பெண் ஒரு அட்டையைக் கொண்டுவந்து என் முகத்துக்கு நேராக நீட்டினாள். அதில் வரிசையாக வட்ட முகங்கள். முதல் முகம் வாய் நிறையச் சிரிக்கிறது, கடைசி முகம் கண்ணீர் விடுகிறது. என் வலி எந்த முகம் மாதிரி இருக்கிறது என்று தொட்டுக் காட்ட வேண்டுமாம். நடுவில் இருந்த ஓர் உம்மணாமூஞ்சியைத் தொட்டேன். அவள் போன பிறகு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உங்களிடம் நீட்டியிருந்தால் எதைத் தொட்டிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியாதா? உயிரே போனாலும் அந்தச் சிரிக்கிற முகத்தைத்தான் தொட்டிருப்பீர்கள். தொட்டுவிட்டு, சாப்பிட்டாயா என்று அந்தப் பெண்ணையும் கேட்டிருப்பீர்கள்.

ஆரணியிலிருந்து கல்யாணமாகி ஃபேக்டரி குவார்ட்டர்ஸுக்கு வந்த புதிதில் எனக்குத் தெலுங்கும் வராது, உருதுவும் வராது. பக்கத்து வீட்டில் தமிழ்க் குரல் கேட்டதும்தான் உயிர் வந்தது. ஆனால் உங்கள் தமிழில் பாதி எனக்குப் புரியவில்லை. உங்கள் தாத்தா காலத்திலேயே ரயில்வே ஒர்க்‌ஷாப் வேலைக்கு சிகந்திராபாத் வந்துவிட்ட குடும்பம். ஹவ் என்றால் ஆமாம், நக்கோ என்றால் வேண்டாம், கைக்கு என்றால் எதற்கு. இதையெல்லாம் சீக்கிரமே பிடித்துக்கொண்டேன். அர்த்தம் தெரிந்துவிட்டது, வழக்கம் மட்டும் தெரியவில்லை.

முதல் தடவை நீங்கள் வந்தபோது காபி போட்டுக் கொண்டுவந்தேன். “நக்கோ மா, இப்பதான் குடிச்சேன்” என்றீர்கள். சரி என்று உள்ளே கொண்டுபோய் நானே குடித்துவிட்டேன். மறுநாள் குழாயடிக்கே செய்தி போய்விட்டது. “இவ ஊர்ல ஒரு தடவைதான் கேப்பாங்க. ரெண்டாவது தடவை கேக்கறதுக்குள்ள டம்ளர் காலி” என்று நீங்கள் சொல்ல, குடத்தோடு நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். எனக்கு முதலில் அழுகை வந்தது, பிறகு நானும் சேர்ந்து சிரித்தேன். அன்றைக்குத்தான் உங்கள் கணக்குப் புரிந்தது. முதல் நக்கோ மரியாதைக்கு. இரண்டாவது, கொடுக்கிறவள் மனசாரக் கொடுக்கிறாளா என்று பார்க்க. மூன்றாவது தடவையும் கேட்டால் உங்கள் கை தானாக நீளும்.

இந்தக் கணக்கு உங்கள் உயிருக்கே வினையாகும் என்று அப்போது யார் நினைத்தோம்?

பித்தப்பையில் கல் என்று கம்பெனி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அந்த நாளில் இப்போது போலப் பொட்டு மாதிரி ஓட்டை போட்டு எடுப்பதெல்லாம் கிடையாது. விலா எலும்புக்குக் கீழே ஒரு முழக் கீறல். நீங்களோ ஆபரேஷனுக்குப் போகும்போதும் என்னைச் சீண்டினீர்கள். மயக்கத்தில் வாய் உளறுமாம், உன் சங்கதி எல்லாம் வெளியே வரப்போகுது பாரு என்று.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. மறுநாள்தான் கோளாறு ஆரம்பித்தது. மூச்சை மேலோட்டமாக, துண்டு துண்டாக விட்டீர்கள். இழுத்து மூச்சு விட வேண்டும், எழுந்து உட்கார்ந்து இருமிச் சளியை வெளியே தள்ள வேண்டும், இல்லாவிட்டால் நுரையீரல் கெட்டுவிடும் என்று ஆபரேஷன் செய்த டாக்டர் சொன்னார். “ஹவ் சார்” என்று தலையாட்டினீர்கள், இருமவில்லை. சாயங்காலம் காய்ச்சல் ஏறியது. பேஷன்ட் ஒத்துழைக்கவில்லை என்று டாக்டர் கோபித்துக்கொண்டு போனார். ஷிஃப்ட் முடிந்து எண்ணெய்க் கறைச் சட்டையோடு வந்த அண்ணன், உங்கள் வீட்டுக்காரர், வராந்தாவிலேயே நின்றார். “பொழைச்சுக்குவாளாம்மா?” என்று என்னைக் கேட்டார். உங்கள் பிள்ளைகள் இரண்டும் என் வீட்டில் இருந்தன.

உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். கேரளத்து சிஸ்டர் வந்து, வலிக்கிறதா, ஊசி போடட்டுமா என்று இந்தியில் கேட்டாள். “நக்கோ சிஸ்டர்” என்று சிரித்தீர்கள். அவளும் சிரித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். அப்போதுதான் போர்வைக்குக் கீழே உங்கள் கையைப் பார்த்தேன். கட்டில் கம்பியை அப்படிப் பிடித்திருந்தீர்கள், விரல் முட்டியெல்லாம் வெளுத்துப்போய். எனக்குச் சுரீரென்றது. நேற்றிலிருந்து எல்லாரும் உங்களை ஒரே ஒரு தடவைதான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

சிஸ்டரின் பின்னாலேயே ஓடினேன். அவங்க வேண்டாம்னு சொன்னா வேண்டாம்னு அர்த்தம் இல்லை என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். வார்டு முழுக்க ஆள் கிடக்கிறது, ஒவ்வொருவரையும் மூன்று தடவை கேட்டால் தான் எப்போது வீட்டுக்குப் போவது என்றாள். அவள் சொன்னதும் நியாயம்தான். அந்த நேரம் பார்த்து உங்களுக்கு மயக்க மருந்து கொடுத்த லேடி டாக்டர் உங்களைப் பார்க்க வந்தார். எனக்குத் தெரிந்த ஓட்டைத் தெலுங்கில் காபிக் கதையையே சொன்னேன். முதலில் சிரித்தார். பிறகு, எங்க அம்மாவும் இப்படித்தான் என்று சொல்லிவிட்டு நேராக உங்கள் கட்டிலுக்கு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

ஊசி போடட்டுமா என்றார். நக்கோ என்றீர்கள். மறுபடி கேட்டார். நக்கோ டாக்டரம்மா என்றீர்கள், குரல் இறங்கிவிட்டது. அவர் அவசரப்படவில்லை. மூன்றாவது தடவையும் கேட்டார். கண் ஓரம் தண்ணீர் வழிந்தது. போர்வைக்குள்ளிருந்து கை மட்டும் வெளியே நீண்டது.

இனிமேல் இவரைக் கேட்காதீர்கள், நேரத்துக்கு நேரம் போட்டுவிடுங்கள் என்று சிஸ்டரிடம் சொல்லிவிட்டுப் போனார். ஊசி இறங்கிய கொஞ்ச நேரத்தில் உங்கள் நெற்றிச் சுருக்கம் விட்டது. தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ளச் சொல்லி, முதுகைப் பிடித்து உட்கார வைத்தேன். இருமினீர்கள். அந்தச் சத்தம் கேட்டு அண்ணன் வாசலில் வந்து நின்றதை நீங்கள் பார்த்தீர்களோ இல்லையோ. இரண்டு மூன்று நாளில் காய்ச்சலும் விட்டது.

ஏன்க்கா ஊசி கேட்கவில்லை என்று நான் சண்டை பிடித்தபோது, “அந்தப் பொண்ணு காலைலேர்ந்து ஓடிட்டே இருக்கு மா. கைக்கு, எனக்காக இன்னொரு நடை நடக்கணுமா?” என்றீர்கள்.

என் பேத்தி இப்போது மயக்க மருந்து டாக்டர், தெரியுமா? ஆபரேஷன் செய்கிற டாக்டர் இல்லையா என்று சொந்தக்காரர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். எனக்கு மட்டும் சந்தோஷத்தில் தலை கால் புரியவில்லை. அஞ்சாம் கிளாஸோடு நின்ற எனக்கும் விளங்குகிற மாதிரி சொல்வாள். வலி வந்த பிறகு துரத்தக் கூடாதாம், வருவதற்கு முன்பே வழியை அடைத்துவிட வேண்டுமாம். ஒரே மருந்தை நிறையக் கொடுக்காமல், வெவ்வேறு வகையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிறார்கள். என் முட்டிக்குப் போகிற நரம்பை மட்டும் ஊசி போட்டு மரத்துப்போக வைத்தார்கள். ஆராய்ச்சி செய்கிறவர்கள் இப்போது வலி எவ்வளவு என்று மட்டும் கேட்டு விடுவதில்லையாம். இருமினால் எப்படி இருக்கிறது, எழுந்து நிற்க முடிகிறதா, தூங்கினீர்களா என்றும் கேட்கிறார்களாம். கேட்டதும் நினைத்துக்கொண்டேன், அக்கா, பக்கத்தில் நின்று இருமவைத்துப் பார்த்திருந்தால் உங்கள் சிரிப்பின் பொய் அகப்பட்டிருக்கும்.

கடைசியாக அல்வாலில் உங்கள் மகன் வீட்டில் படுத்திருந்தீர்களே, அன்று வந்தேன். பால் ஆற்றித் தரட்டுமா அக்கா என்றேன். இரண்டாவது தடவைக்கும் மூன்றாவது தடவைக்கும் தயாராகத்தான் கேட்டேன். நீங்கள் முதல் தடவையே “ஹவ்” என்றீர்கள். டம்ளரை வைத்துக்கொண்டு உங்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் ஜன்னலைப் பார்த்தேன். நீங்கள் போகப்போகிறீர்கள் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

இன்று சாயங்காலம் டியூட்டி முடிந்து பேத்தி வந்தாள். கண்ணெல்லாம் தூக்கம். “நொப்பி உந்தா பாட்டி?” என்று தெலுங்கில் கேட்டாள், வலிக்கிறதா என்று. ஊசி போடட்டுமா என்றாள். மரத்திருந்த முட்டி அப்போதுதான் விழித்துக்கொண்டு குடையத் தொடங்கியிருந்தது. ஆனால் பாவம், குழந்தை காலையிலிருந்து சாப்பிட்டாளோ என்னவோ.

“நக்கோ கண்ணு, நீ போய்ச் சாப்பிடு” என்றேன். ஆரணிக்காரி வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

அவள் போகவில்லை. உங்கள் கதையை எத்தனை தடவை கேட்டு வளர்ந்தவள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மறுபடியும் கேட்டாள். நக்கோ என்றேன். என் போர்வையைக் கொஞ்சம் விலக்கி, கட்டில் கம்பியைப் பிடித்திருந்த என் விரல்களைப் பார்த்தாள். பிறகு, அவசரமே இல்லாமல், மூன்றாவது தடவையும் கேட்டாள்.

கையை நீட்டினேன், அக்கா.