சபீனா சாப்ட்வேருக்கு நான் வைத்த பெயர்

ஜூலை 9, திங்கள்
காலையிலேயே வெக்கை. சிவகாசி பஸ்ஸில் உட்கார இடமில்லை. பிரஸ்ஸில் புஸ்வாண லேபிள். மஞ்சள் மை தூக்கல், மெஷின் நிறுத்தம்.

மெட்ராஸிலிருந்து மகள் சபீனா போன். புது சாப்ட்வேர் வெளிவரும்போதெல்லாம் அவள் டீமில் ஒரு செல்லப்பெயர் வைப்பது வழக்கம். இந்தத் தடவை அவள் முறை. 'ஆட்டம் பாம்' என்று எடுத்துக்கொடுத்தது அடியேன். எங்கள் பிரஸ்ஸில் அதிகம் ஓடும் வெடி லேபிள். டீமில் எல்லோரும் கைதட்டினார்களாம். அதே பெயரோடு இன்று சாப்ட்வேர் வாங்குகிற பார்ட்டிக்குப் போய்விட்டது.

"பார்ட்டி ஜப்பான்காரங்க அத்தா."

அதனாலென்ன என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் ஹிரோஷிமா ஞாபகம். அது பள்ளிக்கூடத்திலேயே படித்தது. எனக்கு ஆட்டம் பாம் என்றால் பச்சை நூல் சுற்றிய வெடி, அவ்வளவுதான்.

10, செவ்வாய்
தூக்கமில்லை. சபீனா வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. வீட்டுக்காரி ஜமீலா காலையிலேயே ஆரம்பித்தாள்: "பேரு வைக்கச் சொல்லி ஒங்கள யாரு கூப்புட்டா?"

வாங்க: பாமாயில், ரீசார்ஜ் கார்டு, ஜமீலாவுக்கு முழங்கால் தைலம்.

சாமி படம் போட்டு லேபிள் கேட்கிற பார்ட்டிகளிடம், வெடித்த காகிதம் காலில் மிதிபடும், வேண்டாம் என்று மறித்துச் சொல்கிறவன் நான். பெற்ற பிள்ளை விஷயத்தில் அந்த மூளை லீவு.

கட்டிங் மெஷின் நாகராசனிடம் சொன்னேன், நம் லேபிளிலும் பெயரை மாற்றலாமா என்று. "ஏலே காசிம், ஜப்பான்காரன் ஏழாயிரம்பண்ணைக்கு வெடி வாங்கவா வாரான்?"

11, புதன்
மேலதிகாரி சபீனாவைக் கூப்பிட்டு விசாரித்தாராம். பெயரை எல்லா இடத்திலும் எடுத்தாயிற்று, இனி வெறும் நம்பர். கைதட்டியவர்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. மன்னிப்புக் கடிதம் இவளே எழுதினாள்.

"என் முழுப் பேரை ரெண்டு தடவ கேட்டாரு அத்தா."

பாம் என்று பெயர் வைத்தது ஒரு முஸ்லிம் பெண்ணா என்று பார்க்கத்தான் கேட்டிருப்பார்.

13, வெள்ளி
ஜும்ஆ முடிந்து வந்ததும் போன். ஜப்பான்காரர்கள் மரியாதையாகப் பதில் போட்டிருக்கிறார்கள். வேலைக்கு ஆபத்தில்லை. ஆனால் இனிமேல் யாரும் எதற்கும் பெயரே வைக்கக் கூடாதாம். விளையாட்டைக் கெடுத்தவள் என்று டீமே இவளிடம் முகம் கொடுப்பதில்லை.

குருவி வெடி பெயரைச் சொல்லியிருந்தால் யாருக்கும் வருத்தமில்லையே என்றேன்.

"அத்தா, போன வைங்க."

சிரித்த மாதிரிதான் இருந்தது.