மீன் வரைந்த மூடி

ஆய்வகத்தின் குளிர்பெட்டியைச் சுத்தம் செய்தபோது அடித்தட்டில் உன் குழாய் கிடைத்தது. பனியைத் துடைத்ததும் மூடியில் நீ பேனாவால் வரைந்த அந்தச் சின்ன மீன். மற்றவர்கள் பெயரின் முதலெழுத்தைப் போடுவார்கள். நீ மட்டும், "எங்க நொச்சிக்குப்பத்துல படகுக்குப் போடுற அடையாளம்டி, இருந்துட்டுப் போவுது" என்பாய். நீ போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆயிற்று. உன் ரத்தத்திலிருந்து தெளிந்த அந்த மஞ்சள் சீரம் மட்டும் இங்கே அடையாறில் கெடாமல் இருக்கிறது.

லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றுநோய் வந்தவர்களின் சீரத்தில் அப்படி என்ன இருக்கிறது, நோய் எதிர்ப்புச் செல்கள் ஏன் அடங்கிப்போகின்றன என்று பார்ப்பதுதானே நம் வேலை. ஒப்பிட நல்ல ரத்தம் வேண்டுமென்றால் வெளியே தேடமாட்டோம். உன் சீரம், என் செல்கள். கிருமி வந்துவிட்டது என்று ஏய்க்கும் மருந்தைத் தொட்டதும் உன் சீரத்தில் என் செல்கள் ஒன்றையொன்று தேடிப் பிடித்து, கொத்துக் கொத்தாகப் பெருகும். நோயாளியின் சீரத்தில் விட்டால் உயிரோடுதான் இருக்கும். ஆனால் தனித்தனியாக, சத்தம் போடாதே என்று யாரோ அதட்டியதுபோலக் கிடக்கும்.

ஒருநாள் உன் சீரத்திலும் அப்படியே கிடந்தன. எனக்கு வந்த கோபம் இருக்கிறதே!

"குழாயை வெளியே வெச்சுட்டு டீ குடிக்கப் போயிட்டியா?"

"சத்தியமா இல்லடி. அப்பவே உள்ள வெச்சுட்டேன்."

மறுபடி உன் கையில் ஊசி குத்தினேன். மறுபடியும் அதே அடக்கம். "இன்னாடி இது, என் ரத்தம்னா உன் செல்லுக்கு ஆவாதா?" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். பதிவேட்டில் 'மாதிரி கெட்டுவிட்டது' என்று எழுதி, தட்டைக் கொட்டிவிட்டு, என் சீரத்தையே போட்டுக்கொண்டேன். நோயாளி என்று ஒட்டிய குழாயாக இருந்திருந்தால் நோய்தான் என்று எழுதியிருப்பேன். மூடியில் மீன் இருந்ததால் தோன்றவே இல்லை.

சில மாதம் கழித்து பெசன்ட் நகர் கடற்கரையில் சுண்டல் தின்றுகொண்டிருந்தபோது, என் விரலைப் பிடித்து உன் கழுத்தில் வைத்தாய். "இது இன்னான்னு பாரு." வலிக்காத, ரப்பர் போன்ற கட்டி, நம் நோயாளிகளுக்கு வருவதுபோலவே. சுண்டல் கையிலேயே ஆறிப்போயிற்று.

"சீரம் அப்படி நடந்துக்கறதுக்கு நூறு காரணம் இருக்கும்மா, அதை வெச்சு யாரும் கண்டுபிடிச்சிருக்க முடியாது" என்றார் உன் டாக்டர், நான் போய்ச் சொன்னபோது. நீயும் கடைசிவரை என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாவி, ஒரே ஒரு தடவை திட்டியிருக்கலாம்.

முந்தாநாள் உன் சீரத்தை உருக்கி என் செல்களில் விட்டேன். ஏன் என்று கேட்காதே. இன்று காலை நுண்ணோக்கியில் கண்ணை வைத்தேன். தட்டில் என் சீரம் விட்ட பக்கத்துக் குழிகளில் எல்லாம் கொத்துக் கொத்தாக. உன்னுடையதில் ஒன்றுகூட இன்னொன்றோடு சேரவில்லை. நீ போன பிறகும் உன் ரத்தத்தில் இருக்கும் ஏதோ ஒன்று என் செல்களைச் சும்மா இரு என்கிறது, அவையும் கேட்கின்றன. பட்டப்பகலில், ஆள் நிறைந்த அறையில், பயந்துபோய் நின்றேன்.

பழைய பதிவேட்டைத் தேடி எடுத்தேன். அந்த வரியை அடித்து, பக்கத்தில் 'மாதிரி சரியாகத்தான் இருந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இப்போதெல்லாம் இங்கே யார் ரத்தம் கொடுக்க வந்தாலும் முதலில் கழுத்தைத் தடவிப் பார்க்கிறேன். கிறுக்கச்சி என்கிறார்கள், சொல்லட்டும்.

தட்டு இன்னும் செல் வளர்க்கும் இன்குபேட்டருக்குள்தான் இருக்கிறது. மூடியில் உன் மீனை நானே வரைந்து வைத்திருக்கிறேன். இந்தத் தடவை கொட்டவில்லையடி.